எந்தக் கையால சாப்பிடுற?

காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுவேன். அடிக்கும்வரை படுத்திருப்பேன். பிறகு அணைத்துவிட்டு எழுந்து, கை, கால், முகம் கழுவி ஒளு செய்து, விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழுவேன். வாஷிங் மெஷினிலிருந்து, ஜிம் பிள்ளைகள் கிளவ்ஸுக்குள் சுற்றிக்கொள்ளும் பேண்டேஜ் துணிகளை எடுத்துப் பின்பக்கக் கொடியில் போடுவேன். முந்தின நாள் போட்டவை காய்ந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகச் சுருட்டுவேன். ஒட்டும் முனை உள்ளே போக வேண்டும், பெருவிரல் மாட்டும் வளையம் வெளியே வர வேண்டும். மாற்றிச் சுருட்டினால் பிள்ளைகள் கையில் சுற்றும்போது தலைகீழாக வரும். குளிப்பேன். அலமாரியில் என் பக்கக் கதவை மட்டும் திறந்து சட்டை எடுப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு மாமியின் கடைக்குப் போவேன்.

ஆயர் ஈத்தாமில் வெளியூர் பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே மாமியின் சாப்பாட்டுக் கடை. மாமா கல்லாவில் இருப்பார். மாமி, பெயர் மீரா பீவி, என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ரொட்டியும் பருப்புச் சாறும் கொண்டுவந்து வைப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்து மேசையைத் துடைப்பார். அந்த மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். பஸ் தாமதத்தைப் பற்றிப் பேசுவோம். அவருடைய மகள், என் மனைவி ஃபரீஹா, இறந்து எட்டு மாதமாகிறது. டெங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வார நாட்களில் அங்கிருந்து குளுவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் போவேன். தரச் சோதனைப் பிரிவு. பெல்ட்டில் வரும் பிளாஸ்டிக் மூடிகளில் குறை தேடுவது. சனி, ஞாயிறுகளில் ஜிம்முக்குப் போவேன்.

ஜிம் என்பது பெயர்தான். சாலையோர மண்பாண்டக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய தகரக் கொட்டகை. முன்பு சட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்கு. கடைக்காரச் சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், விற்காத பூச்சாடிகளை இன்னும் ஒரு பக்கச் சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றை எடுத்துவிடுவதாகப் பல வருஷமாகச் சொல்கிறார். மீதி இடத்தில் குத்திப் பழகும் நான்கு பேக்குகள் தொங்குகின்றன, கயிறு தளர்ந்த ஒரு ரிங் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. அதனால் காலையிலேயே பயிற்சியை முடித்துவிடுவோம்.

இதை ஆரம்பித்தவர் காளிதாஸ். ஒரு காலத்தில் ஜொகூர் மாநிலத்துக்காகக் குத்துச்சண்டை போட்டவர், இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். பரிட் ராஜாவில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நானும் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அவர் என் கையில் குத்து வாங்கும் பேடுகளை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அப்படித்தான் நானும் மாஸ்டர் ஆனேன்.

புதிதாக ஒரு பிள்ளை சேரும்போது காளி அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். ஒரு சனிக்கிழமை சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒருவர் தன் மகனைக் கூட்டிவந்திருந்தார்.

"எந்தக் கையால சாப்பிடுற?"

பையன் அப்பாவைப் பார்த்துவிட்டு வலது கையைக் காட்டினான்.

"குட். அப்ப இடது கால் முன்னால. இடது கை முன்னால. சோத்துக்கை பின்னால. முன்கை சும்மா கதவத் தட்டும். சோத்துக்கைதான் வீட்டுக்குள்ள போயி அடிக்கும். புரியுதா?"

புரிந்ததாகப் பையன் தலையாட்டினான். அவ்வளவுதான், அவன் எப்படி நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. பலமான கை பின்னால் இருந்தால்தான் இடுப்பைத் திருப்பி முழு எடையோடு குத்த முடியும். இடதுகைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ். ஆனால் ஜிம் தொடங்கிய இந்தப் பதினோரு வருஷத்தில் எங்களிடம் ஒரு இடதுகைக்காரர்கூட வந்ததில்லை. போட்டிகளில் மற்ற ஊர் இடதுகைக்காரர்களிடம் எங்கள் பிள்ளைகள் அடி வாங்கி வரும்போதெல்லாம் காளி அண்ணன், "நம்ம ஏரியாவுல எல்லாம் ரைட்டுலா, என்ன செய்யிறது" என்பார். ஏதோ மண்வாகு போல. நானும் அதே கேள்வியைத்தான் கேட்பேன். அவரிடம் கற்றுக்கொண்டது.

லோஷினியிடமும் நான்தான் கேட்டேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இப்போது பதினேழு. ஒல்லி, நாற்பத்தெட்டு கிலோ. முன்கையால் அவள் குத்தும் ஜாப் மாதிரி மாநிலத்தில் வேறு எந்தப் பெண்ணிடமும் நான் பார்த்ததில்லை. வரும் என்று தெரிந்தும் தடுக்க முடியாது. ஆனால் பின்கை வெறும் சோப்பு நுரை. மூன்று வருஷமாக அந்த வலது கைக்காக அவளைத் தனியாக நிறுத்தி வேலை வாங்கினேன். தோள் வீங்கும் அளவுக்கு. சோம்பேறித்தனம் என்று திட்டினேன். அவள் மறுபடி குத்துவாள். மாநில அணித் தேர்வில் இரண்டு தடவை புள்ளி வித்தியாசத்தில் தோற்றாள். இரண்டு தடவையும் நடுவர்கள் சொன்ன குறை ஒன்றுதான். குத்துகள் படுகின்றன, ஆனால் எதிராளிக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது தேர்வு நான்கு வாரத்தில் லாபிஸில் நடக்கவிருந்தது. அணியில் இடம் கிடைத்தால் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டே மேலே படிக்கலாம். கிடைக்காவிட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"சிங்கப்பூர் மாஸ்டர். பேக்டரி வேல. அம்மா ஏஜெண்டுகிட்ட பேசியாச்சு."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை புதுப் பையன் சுவரோரம் நின்று கால் வைக்கப் பழகிக்கொண்டிருந்தான். செல்வா என்று இன்னொருவன், வாயை மூடாதவன், கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் பேடு பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக என் பயிற்சி அப்படித்தான். கை பேடைப் பிடிக்கும், வாய் எண்ணும், கண் தகரக் கூரையில் ஏதாவது ஓட்டையில் நிற்கும். பிள்ளைகளுக்கும் அது பழகியிருந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

செல்வாவின் கயிறு சாடி அடுக்கின் மேல்தட்டில் மாட்டி இழுத்தது. ஒரு பூச்சாடி சாய்ந்தது. லோஷினி அதன் அருகில், அதைப் பார்க்காமல், கிளவ்ஸைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். சாடி விழுந்தது அவளுடைய வலது பக்கம். அவளுடைய இடது கை உடம்புக்குக் குறுக்கே போய் அதன் வாயைப் பிடித்தது. முழங்கால் உயரத்தில்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். செல்வா, "அலமாக், கோல்கீப்பர்லா நீ!" என்றான். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாடியைப் பார்த்தாள். உடனே அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல. உடுப்பு விலகியவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

சாடியைப் பிடித்ததைவிட, அவள் கை மாற்றியதுதான் என் கண்ணில் பட்டது.

சுருட்டிய பேண்டேஜ் ஒன்றை எடுத்து, "லோஷினி" என்று கூப்பிட்டு எறிந்தேன். இடது கை வந்தது. இன்னொன்றை எறிந்தேன். வலது கை வந்தது, ஆனால் பாதி வழியில் இடது கை அசைந்து திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

"இங்க வா. கால மாத்தி நில்லு."

"எதுக்கு மாஸ்டர்?"

"சும்மா."

"நான் ரைட்டு மாஸ்டர்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

அவள் முகம் சிவந்துவிட்டது. உறிஞ்சுகுழல் செருகிய டீப் பையோடு உள்ளே வந்த காளி அண்ணன் நின்றார். "என்ன ஆசிம், மண்டை கிண்டை கொழம்பிருச்சா? நாலு வாரத்துல தேர்வு. இப்பப் போயி கால மாத்துறியா?"

"ஒரே ஒரு குத்து அண்ணே."

லோஷினி வலது காலை முன்னால் வைத்தாள். அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியான இடத்தில் போய் நின்றது. பேக்கைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். குத்தினாள். பின்னாலிருந்து வந்த இடது கை.

பேக் ஆடவில்லை. நடுவில் மடங்கியது. மேலே சங்கிலி ஒரு முறை துள்ளி விழுந்தது. கூரைத் தகரத்திலிருந்து தூசி கொட்டியது. அடுக்கிலிருந்த சாடிகள் ஒன்றோடொன்று உரசி ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

காளி அண்ணன் டீயை உறிஞ்சவில்லை. "பதினோரு வருஷம்டா" என்றார். "நம்மாளு, மலாய்க்காரன், எவன்டா இடது கையில சோறு திம்பான்? பச்சப் புள்ளையிலயே கையில அடிச்சி மாத்திருவாங்களே. நான் போயி அதக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

"சீனப் பிள்ளைங்ககிட்டயும் அதத்தானே மாஸ்டர் கேட்டீங்க" என்றான் செல்வா. "அந்த ஹெங் சாப்ஸ்டிக் புடிக்கிற மாதிரி காட்டுனான்."

"நீ பேசாதடா."

அரைமணி நேரத்துக்கு எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை. காளி அண்ணன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு செருப்பை எறியச் சொன்னார். செல்வா இடது கையால் எறிந்தான். கொட்டகையைத் தாண்டிப் போய் விழுந்தது.

"டேய், நீயுமா?"

"ஸ்கூல்ல நான் இடது கையிலதான் மாஸ்டர் எழுதுறேன். நீங்க சாப்பாட்ட மட்டும்தானே கேட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லோஷினி ஒரு மூலையில் உட்கார்ந்து பேண்டேஜை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று வருஷம் தப்பான கைக்கு வேலை கொடுத்துவிட்டு, தப்பான கையைத் திட்டியும் இருக்கிறேன். மூடியில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"வலது தோள் இன்னும் வலிக்குதா?" என்றேன்.

"பழகிருச்சு" என்றாள். அவிழ்த்த பேண்டேஜை மடியில் வைத்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க மாஸ்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போனேன். லோஷினி பள்ளி முடிந்து வருவாள். கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான் கால் மாற்றி நிற்பாள். உள்ளே சூளை போலக் காயும். தவுக்கே சாடி எடுக்க வந்தால் போதும், பேச்சு நிற்பதுபோல் அவள் கால்கள் பழையபடி மாறிவிடும். புதிய நிலையில் எல்லாம் வந்தது. அந்த அபாரமான இடது கை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று வருஷம் நான் வதைத்த வலது கை இப்போது முன்னால் நின்று கதவைத் தட்டக் கற்றிருந்தது. அந்த வேலை முழுக்க வீணில்லை என்று காளி அண்ணன் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காக இருக்கலாம். நான் கூரையைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். அவள் இடது கை எந்த நொடியில் வரும் என்று பார்க்காவிட்டால் பேடோடு சேர்ந்து என் மணிக்கட்டும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். தனலெட்சுமி அக்கா முச்சந்தியில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். கணவர் இல்லை. வாழையிலைத் துண்டில் சோறு வைத்து, மிளகாய்ச் சம்பல் வைத்து, பழுப்புத் தாளில் கூம்பாக மடிப்பார். லோஷினியின் இடது கையைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியாதா மாஸ்டர்? பொறக்கும்போதே அந்தக் கைய ஆட்டிக்கிட்டுத்தான் வந்தா." ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு அடுத்த இலையை எடுத்தார். "மூணு வயசுல கோயில்ல விபூதி வாங்க அந்தக் கைய நீட்டிட்டா. ஐயரு ஒண்ணும் சொல்லல. சுத்தி நின்னவங்க சொன்னாங்க. பீச்சாங்கையில வாங்குது பாரு, பெத்தவ என்னத்தச் சொல்லிக்குடுத்தாளோன்னு. வீட்டுக்கு வந்து என் மாமியா அடிச்சாங்க. அவள இல்ல. என்னை."

வாடிக்கையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு பொட்டலம் வாங்கிப் போனார். அக்கா அவரிடம் சிரித்துப் பேசி அனுப்பினார். திரும்பி என்னிடம், விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

"பழைய சேலையக் கிழிச்சி அந்தக் கைய இடுப்போட சேத்துக் கட்டிருவேன். சாப்பிடும்போது மட்டுந்தான். அவ அழுவா. நானும் அழுவேன். அழுதுக்கிட்டே ரெண்டு பேரும் சாப்பிடுவோம். எவ்வளவு நாளு! அப்படி மாத்துனத நீங்க ஒரு கப்புக்காக திருப்பி மாத்துறேங்கிறீங்க."

"கப்பு இல்லக்கா. அணியில எடம். விடுதி, படிப்பு."

"தெரியும்." அவர் கை நின்றது. "என் கண்ணு முன்னால வேணாம் மாஸ்டர். அந்தக் கை மேல எழும்புறதப் பாத்தா எனக்கு அந்தச் சேலத்துணிதான் ஞாபகம் வரும்."

நான் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்யமுடியும்?

தேர்வு நாளன்று விடியற்காலையில் காளி அண்ணனின் பள்ளி வேனில் புறப்பட இருந்தோம். லோஷினி ஏறி உட்கார்ந்த பிறகு, தெருமுனையிலிருந்து தனலெட்சுமி அக்கா கூடையோடு வந்தார். மூன்று வருஷத்தில் ஒரு போட்டிக்கும் வந்ததில்லை.

"இதுதானே கடைசி. நானும் வரணும்ல" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வேன் முழுக்கச் சம்பல் வாசனை.

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம்லா அக்கா" என்றார் காளி அண்ணன். பின்கதவைச் சாத்த வந்தபோது என் காதில், "செத்தோம்" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. லோஷினி வழி முழுக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாபிஸ் மண்டபம் வழக்கமாகப் பூப்பந்து ஆடுகிற இடம். நடுவில் ரிங் போட்டிருந்தார்கள். எதிராளி பாசிர் கூடாங்கிலிருந்து வந்த பெண், லோஷினியைவிட ஒரு சாண் உயரம். தனலெட்சுமி அக்கா மடியில் கூடையை வைத்துக்கொண்டு எங்கள் மூலைக்கு நேரே, முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் ரவுண்டில் லோஷினி இடது காலை முன்னால் வைத்துத்தான் நின்றாள். பழைய நிலை. ஜாப் போய்ப் போய்ப் பட்டது. அந்தப் பெண் அதைக் கொசு கடித்த மாதிரி வாங்கிக்கொண்டு உள்ளே வந்து அடித்தாள். காளி அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கால், கால்" என்று முனகினார். நான் கத்தவில்லை. மணி அடித்தது. அந்த ரவுண்டு போய்விட்டது என்று எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது.

ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். மவுத்கார்டைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"அம்மா பாக்குறாங்க மாஸ்டர்."

மூலையில் சொல்வதற்கென்று வழக்கமாகச் சில வார்த்தைகள் வைத்திருப்பேன். மூச்சை விடு, தாடையை இறக்கு. அவற்றில் ஒன்றும் அதற்குப் பதிலில்லை. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக அதில் ஒன்றும் இருந்திருக்காது. கெஞ்சினேனோ என்னவோ.

அக்கா கூடையை நாற்காலியில் வைத்தார். எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு ரிங்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அந்தச் சுவரில் பூப்பந்து மைதானத்துக்கு முன்பதிவு செய்யும் முறை பற்றி மலாய் மொழியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதற்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு, அதைத்தான் வாசிக்க வந்தவர் போல நின்றார். பின்வரிசைக்காரர்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"அம்மா என்ன பண்றாங்க?" என்றாள் லோஷினி.

"நோட்டீஸ் படிக்கிறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற வாயில்தான் மவுத்கார்டைத் திணித்தேன். மணி அடித்தது.

ரிங்கின் நடுவில் போய், ஒரு முறை குதித்துக் கால் மாற்றினாள். வலது கால் முன்னால். எதிராளிப் பெண் ஒரு கணம் தயங்கினாள், கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தால் தயங்குவதுபோல. வலது கை இரண்டு தடவை தட்டியது. பிறகு பின்னாலிருந்து இடது கை வந்தது. ரெஃப்ரி நடுவில் புகுந்து விரல்களை நீட்டி எண்ண ஆரம்பித்தபோது காளி அண்ணன் என் முதுகில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது. அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்றாவது ரவுண்டில் திரும்பி வந்து நிறையக் கொடுத்தாள். லோஷினியின் மூக்கில் ரத்தம். ஆனால் கால்கள் பழையபடி மாறவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது தொண்டை கமறியபோதுதான் தெரிந்தது.

ஐந்து நடுவர்களில் மூன்று பேர் லோஷினிக்குக் கொடுத்தார்கள்.

மண்டபத்தில் கைதட்டல் அடங்கிய பிறகும் தனலெட்சுமி அக்கா சுவரைப் பார்த்தே நின்றார். "முடிஞ்சிருச்சா மாஸ்டர்?" என்றார். "திரும்பலாமா?"

"திரும்பலாம்க்கா."

மகளுடைய மூக்கைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டார். "யார்டி அடிச்சா?" என்றார். பிறகு ஜெயித்ததைச் சொன்னோம். அவர் அழவோ கட்டிப்பிடிக்கவோ இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். லோஷினியின் இரண்டு கைகளிலும் பேண்டேஜை இன்னும் அவிழ்க்கவில்லை. அக்கா சோற்றைச் சம்பலோடு பிசைந்து, பதினேழு வயதுப் பெண்ணுக்கு அத்தனை பேர் நடுவில் ஊட்டிவிட்டார். அவள் வெட்கப்படாமல் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். காளி அண்ணன் வேன் சாவியைத் தேடுவதாகச் சொல்லி வெளியே போனார்.

அன்று மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மாமியின் கடைக்குப் போனேன். பஸ் ஒன்றும் நிற்காத நேரம். மாமி ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ளைக்கு இன்னிக்குத்தானே தம்பி? என்னாச்சு?"

சொன்னேன். ஜெயித்தாள் என்று மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் சாடி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வாவின் செருப்பு, சேலைத்துணி, நோட்டீஸ். ரொட்டி ஆறிப்போயிருந்தது. மாமி துடைப்பதை நிறுத்தி, துணியைக் கையில் பிடித்தபடி எதிரே உட்கார்ந்துவிட்டார். என் எதிரே அவர் உட்கார்ந்து இத்தனை மாதத்தில் நான் பார்த்ததில்லை.

"நம்ம ஃபரீஹாவும் இடது கைதான்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"சின்னதுல. சோறு, பென்சிலு, எல்லாம் அந்தக் கைதான். ஓதுற பள்ளிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன். அடிச்சில்லாம் இல்ல தம்பி. பக்கத்துலயே உக்காந்து, ஒவ்வொரு வாய்க்கும் கைய மாத்தி மாத்தி வச்சேன். ஒரு வருஷம் புடிச்சிச்சி." மாமி மேசையின் விளிம்பைத் துணியால் ஒரு முறை தேய்த்தார். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மகளைப் பற்றிப் பேசும்போது அது அங்கே இருக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். "அதுக்கப்புறம் அந்தக் கைய அவ மறந்தே போயிட்டா."

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் கஞ்சி கொடுத்தார்கள். ஃபரீஹாவின் வலது கையில் ஊசியும் குழாயும். ஊட்டிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கரண்டியை இடது கையில் வாங்கிக்கொண்டாள். கிண்ணம் காலியாகும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் உதடு நடுங்கியது. கை நடுங்கவில்லை. போர்வையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. யோசிக்காமல், தன் வீட்டுக்குள் நடப்பதுபோல் அந்தக் கை போய் வந்தது. வலது கையில் ஊசி, வேறு வழியில்லை என்று அப்போது நினைத்தேன். சாயங்காலம் அவளை வேறு அறைக்கு மாற்றினார்கள். அங்கே அவளால் பேச முடியவில்லை.

"ஏன் தம்பி சிரிக்கிறீங்க?" என்றார் மாமி.

நான் சிரிப்பது எனக்குத் தெரியவில்லை. மாமி என் பதிலுக்காகக் காத்திருந்தார். மாமா கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அன்று காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு, அதே கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு ஃபரீஹா சொன்னாள்:

"உம்மாகிட்ட சொல்லிராதீங்க."